அந்திமந்தாரைப் பொட்டலம்

வில்லாபுரத்தில் மோட்டார் மெக்கானிக் ஜெயபாண்டி வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்தால், சட்டையைக் கழற்றுவதற்கு முன்னால் அதன் பையைக் கவிழ்த்துக் காட்டியாக வேண்டும். அது அவர் மனைவி மீனா போட்ட சட்டம். ஒரு வருடம் அவர்கள் வீட்டு வாஷிங் மெஷினில் தண்ணீர் வெளியே போகாமல் நின்றுவிட்டது. ஊர் மோட்டாரையெல்லாம் பழுது பார்க்கிறவர் தன் வீட்டு மெஷினைச் சாய்த்துப் போட்டு ஓஸைக் கழற்றினால், உள்ளே செண்டுப்பூ விதை ஒரு கைப்பிடி அடைத்துக்கொண்டிருந்தது. அதில் நாலைந்து முளைவிட்டிருந்தது வேறு. மீனா தலையில் அடித்துக்கொண்டாள். ஜெயபாண்டி முளைவிட்டதை மட்டும் நகம் படாமல் எடுத்து, டீக்கடைப் பேப்பர் கப்பில் மண் போட்டு ஊன்றினார். சட்டம் அன்றைக்கு வந்தது.

போர் மோட்டாரை மேலே தூக்குவது, மோட்டாருக்குள் செம்புக் காயில் எரிந்துபோனால் புதுசாகக் கட்டுவது, சம்ப்புத் தொட்டியில் இருக்கும் மோட்டார் சத்தம் போட்டால் பிரித்துப் பார்ப்பது, இதுதான் அவர் பிழைப்பு. செம்புக் கம்பியும் பேரிங்கும் வாங்கச் சிம்மக்கல்லுக்குப் போவார். மற்ற நேரமெல்லாம் யார் வீட்டுக் கொல்லையிலாவதுதான் இருப்பார். மோட்டார் எங்கே இருக்குமோ அங்கேதான் செடியும் இருக்கும். தண்ணீர் ஏறுகிறதா என்று குழாயைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது கண் பக்கத்துச் செடியில் காய்ந்து தொங்கும் பூவுக்குப் போய்விடும்.

"அக்கா, இந்தக் காஞ்ச பூவ ஒண்ணு கிள்ளிக்கிறவா?"

காய்ந்த பூவைக் கேட்பவரிடம் யார் மாட்டேன் என்பார்கள்? டெஸ்டர் இருக்கும் அதே சட்டைப் பையில் அதுவும் போய்விடும்.

இந்தப் பழக்கம் வருவதற்கு முன்னால் அவருக்குப் பூ என்றால் மீனாவுக்கு வெள்ளிக்கிழமை வாங்கித் தரும் மல்லிகைச் சரம்தான். கல்யாணமான புதிதில் குடிவந்த வாடகை வீட்டில், துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், முன்னால் இருந்தவர்கள் விட்டுப்போன காசித்தும்பை புதராக மண்டிக் கிடந்தது. பாம்பு வரும், பிடுங்கிப் போடுங்கள் என்றாள் மீனா. அவர் குனிந்து வேரோடு பிடிக்கும்போது முற்றிய காய் ஒன்று விரல் பட்டு 'பட்'டென்று வெடித்தது. விதை சிதறி மூஞ்சியில் அடித்தது. அவர் திடுக்கிட்டுப் பின்னால் சாய்ந்தார். அப்புறம் இன்னொரு காயைத் தொட்டார். அதுவும் வெடித்தது. மீனா உள்ளே இருந்து எட்டிப் பார்த்தபோது, முப்பது வயது ஆம்பளை ஒருத்தர் குத்தவைத்து உட்கார்ந்து ஒவ்வொரு காயாகத் தொட்டுத் தொட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். புதர் தப்பியது.

அதிலிருந்து ஒவ்வொரு வருடமும் ஆடி பிறந்தால் விதை போடுவார். செண்டு, வாடாமல்லி, கோழிக்கொண்டை, ஜினியா. ஆயுத பூஜைக்குப் பூ வெட்டுகிற கணக்கு. முளைத்து நாலு இலை விட்டதும், பழைய மிக்சி அட்டைப் பெட்டியில் பேப்பர் கப்புகளை அடுக்கி எடுத்துக்கொண்டு சொந்தக்காரர் வீடுகளுக்குக் கிளம்பிவிடுவார். அவனியாபுரத்தில் மச்சினன் வீடு, மேலூரில் சித்தப்பா மகன் வீடு, கடைசியாகக் கொட்டாம்பட்டி. அங்கேதான் அவருடைய ஒரே தங்கச்சி ஜெயக்கொடியைக் கட்டிக்கொடுத்திருந்தது.

மற்ற வீடுகளில் வாங்கி நட்டார்கள். ஜெயக்கொடியும் ஆசையாகத்தான் வாங்குவாள். அவள் புருசன் உக்கிரபாண்டிக்குத்தான் பிடிக்காது. தென்னந்தோப்பும் கடலைக் காடும் வைத்திருக்கிற மனுசன். செடி என்றால் காய்க்க வேண்டும், இல்லையென்றால் மாடு தின்ன வேண்டும். அவர் புது வீடு கட்டிப் பால் காய்ச்சியபோது ஜெயபாண்டி முறைப்படி பித்தளைப் பானை எடுத்துத்தான் போனார். ஆனால் இன்னொரு கையில் அட்டைப் பெட்டியும் இருந்தது. நாலு பேர் நடுவே உக்கிரபாண்டி அதை எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன மாப்ள, நர்சரி வச்சிட்டியா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நாற்றுகள் மாட்டுக் கொட்டாய் ஓரத்தில் கிடந்து ஆட்டுக்குப் போயின. அதற்கப்புறம் ஜெயபாண்டி போகும்போதெல்லாம் உக்கிரபாண்டி ஒரு தலையசைப்பு, ஒரு "வா மாப்ள", அதோடு சரி. கோபமும் இல்லை, பேச்சும் இல்லை. மச்சான் முன்னால் உட்கார்ந்தாலே கை எங்கே வைப்பது என்று ஜெயபாண்டிக்குத் தெரியாமல் போகும்.

அந்த வீட்டில் ஜெயபாண்டி பக்கம் பேச இன்னொரு ஆள் இருந்தாள். ஜெயக்கொடியின் மகள் பவதாரிணி. மதுரையில் ஹாஸ்டலில் தங்கிக் கம்ப்யூட்டர் படித்தவள், இப்போது மேலூரில் வேலை. ஒரு தடவை அவள் போனில், "மாமா, சாயங்காலம் பூக்குமே, ரோஸ் கலர்ல, அது இருக்கா உங்ககிட்ட? மதில் ஓரமா வைக்கணும்" என்று கேட்டாள்.

அந்திமந்தாரையைத்தான் கேட்கிறாள். அவரிடம் ரோஸ் மட்டும்தான் இருந்தது. ஆனால் அவனியாபுரத்தில் ஒரு வீட்டில் ஒரே செடியில் மஞ்சளும் ரோஸும் கலந்து, சில பூவில் பாதிக்குப் பாதி கோடு போட்டது மாதிரி பூத்ததை அவர் பார்த்திருந்தார். அந்த வீட்டு மோட்டாருக்கு ஒரு கோளாறும் இல்லாதபோதும் போய், "சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்று சொல்லி விதை எடுத்து வந்தார். கறுப்பாக, உருண்டையாக, மேலே சுருக்கம் விழுந்து, அசல் மிளகு மாதிரி இருக்கும் அந்த விதை. மிளகைவிட ஒரு சுற்றுப் பெரிசு. தினசரிக் காலண்டர் தாளைக் கிழித்துப் பொட்டலம் கட்டி, அடுத்த முறை கொட்டாம்பட்டி போனபோது ஜெயக்கொடி கையில் கொடுத்தார்.

"வெச்சிரு தாயி. நான் விசேசத்துக்கு வரும்போது நானே ஊனித் தாரேன்."

விசேசம் என்பது பவதாரிணிக்குப் பூ வைக்கிற விசேசம். மாப்பிள்ளை வீடு செக்கானூரணி. பையன் குருபிரசாத் கப்பலூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். பெண் பார்த்து, பிடித்து, பேசி முடித்தாகிவிட்டது. மாப்பிள்ளையின் அம்மா வந்து பெண் தலையில் பூ வைத்துவிட்டால் உறுதி. இதற்கு முன்னால் இரண்டு இடம் கடைசி நேரத்தில் தட்டிப்போயிருந்ததால் ஜெயக்கொடி ஒரு மாதமாகச் சரியாகச் சாப்பிடவில்லை. ஆவணி மாத முகூர்த்த நாள் அது. மூன்று மணிக்கு மேல்தான் நல்ல நேரம் என்பதால் முதலில் சாப்பாடு, அப்புறம் பூ என்று வைத்துக்கொண்டார்கள்.

ஜெயபாண்டியும் மீனாவும் காலையிலேயே போய்விட்டார்கள். சமையலுக்குப் பக்கத்து வீட்டு ராமக்காள் வந்திருந்தாள். கை மணம் உள்ளவள். பத்துப் பேருக்கு வேண்டுமானாலும் நூறு பேருக்கு வேண்டுமானாலும் ஒரே அளவு சத்தம் போட்டுக்கொண்டு சமைப்பாள். மாப்பிள்ளை வீட்டார் ஒரு வேனிலும் ஒரு காரிலும் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளையின் அம்மா ஒச்சம்மாள் உயரமான பெண்மணி, அதிகம் சிரிக்க மாட்டார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு நாலு வயதுப் பேத்தி மதுவந்தி, மாப்பிள்ளையின் அக்கா மகள், பட்டுப்பாவாடை தடுக்கத் தடுக்க வந்தது.

பந்தி போட்டார்கள். தாய்மாமன் கையால் பரிமாறினால்தான் மரியாதை என்று ஜெயக்கொடி சொல்ல, ஜெயபாண்டி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாளியைத் தூக்கினார். சாம்பார் ஊற்றினார். அப்புறம் ரசம் ஊற்றினார். ஒவ்வொரு இலையாகக் குனிந்து, "இன்னும் கொஞ்சம் ஊத்தவா?" என்று கேட்டுக் கேட்டு ஊற்றினார். மதுவந்தி ரசம் சோறு மட்டும்தான் சாப்பிடும் என்று ஒச்சம்மாள் சொன்னதால் அதற்குக் குழைவாகப் பிசைந்துகொள்ள இரண்டு கரண்டி ஊற்றினார்.

"ரசம் நல்லாருக்கு. காரந்தான் கொஞ்சம் மட்டு" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

"புள்ளைக சாப்பிடுதுகள்ல, அதான் சம்பந்தி" என்று சமாளித்துவிட்டு ஜெயபாண்டி மறுபடி மொண்டுவர அடுப்படிக்குப் போனார்.

வாளியை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது மேடையில் மிக்சிக்குப் பக்கத்தில் ஒரு காலண்டர் தாள் விரித்தபடி கிடந்தது. அவர் கட்டிய மடிப்பு அப்படியே இருந்தது. நடுவில் பத்துப் பதினைந்து விதை மிச்சம். மிக்சி ஜாரை எட்டிப் பார்த்தார். கறுப்புத் தோலும் வெள்ளை மாவுமாக ஓரத்தில் ஒட்டியிருந்தது. மிளகை அரைத்தால் இவ்வளவு வெள்ளை மாவு வராது. அந்திமந்தாரை விதையை உடைத்தால் வரும்.

அவர் அந்தத் தாளைக் கையில் எடுத்தார்.

"ராமக்கா, இது என்ன?"

"மிளகுதாண்ணே. டப்பால இருந்தது பத்தல. பக்கத்துலயே இந்தப் பொட்டணம் இருந்துச்சு, எடுத்து அரச்சுப் போட்டேன். நல்ல பெரும் மிளகா இருந்துச்சு, கொல்லிமலைச் சரக்கு போலனு நெனச்சேன்."

"அது பூ வெத ராமக்கா."

ராமக்காளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கையிலிருந்த கரண்டியை அப்படியே கீழே வைத்தாள். அவள் சத்தம் அடங்கியதை அந்த வீட்டில் யாரும் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

அந்திமந்தாரை விதை வயிற்றுக்கு ஆகாது என்று ஜெயபாண்டிக்குத் தெரியும். விதை கொடுத்த அவனியாபுரத்து அம்மாளே, பிள்ளைகள் வாயில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லித்தான் கொடுத்தார். எவ்வளவு ஆகாது, கொதிக்க வைத்தால் என்ன ஆகும், அதெல்லாம் தெரியாது. பொட்டலத்தின் மேல் பூ விதை என்று ஒரு வார்த்தை எழுதவில்லை. அது மட்டும்தான் திரும்பத் திரும்ப மனசுக்குள் ஓடியது.

மீனாவும் ஜெயக்கொடியும் உள்ளே வந்தார்கள். விசயத்தைக் கேட்டதும் ஜெயக்கொடி அண்ணன் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, கும்பிட்டுக் கேக்குறேன், வெளிய சொல்லிறாதண்ணே. ஒண்ணும் ஆகாது. ஏற்கனவே ரெண்டு எடம் போச்சு. இதும் போச்சுன்னா எம் மகள யாருண்ணே வந்து பாப்பாக?"

"ரசத்த நிப்பாட்டிருவோம். மோர ஊத்திருவோம்" என்றாள் மீனா. "மெதுவா பாத்துக்கலாங்க."

அவர்கள் சொல்வதும் நியாயமாகத்தான் பட்டது. ஒன்றும் ஆகாமலும் போகலாம். ரசத்தில் கலந்தது கொஞ்சம்தான். அவர் அடுப்படி வாசலில் இருந்து பந்தியைப் பார்த்தார். மதுவந்தி சோறு முடித்துவிட்டு, இலையில் தேங்கிய ரசத்தை ஒரு விரலால் தொட்டுத் தொட்டு நக்கிக்கொண்டிருந்தது.

ஜெயபாண்டி நேராகப் போய் அந்த இலையை மடித்து எடுத்தார். பிள்ளை நிமிர்ந்து பார்த்தது. ஒச்சம்மாளும் நிமிர்ந்து பார்த்தார்.

"மதினி, யாரும் இனிமே ரசம் தொட வேணாம். தப்பு நடந்து போச்சு. மிளகுன்னு நெனச்சுப் பூ வெதைய அரச்சு ஊத்திட்டாக. நான் கொண்டாந்து குடுத்த வெத. அது வயித்துக்கு ஒத்துக்காது."

பந்தியில் கை எல்லாம் இலையில் நின்றுவிட்டது. மாப்பிள்ளையின் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த உக்கிரபாண்டியின் முகம் கறுத்தது.

"யாரு ஊத்துனது?" என்றார் ஒச்சம்மாள்.

"நாந்தான் மதினி."

ஒச்சம்மாள் பேத்தியைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். "தம்பி, காரை எடு."

அதற்குள் பவதாரிணி பட்டுப்புடவையோடு வந்து நின்றாள். "அத்தை, அரசு ஆஸ்பத்திரி இங்க பக்கத்துலதான். நான் வழி சொல்றேன். மாமா, அந்த வெதைய எடுத்துட்டு வாங்க, டாக்டர் பாக்கணும்னு சொல்வாங்க." கல்யாணப் பெண் இப்படி முன்னால் வந்து பேசலாமா என்று அந்த நேரத்தில் யாரும் யோசிக்கவில்லை.

காரைக் குருபிரசாத் ஓட்டினான். முன்னால் ஜெயபாண்டி, மிச்ச விதையைக் காலண்டர் தாளோடு இறுக்கிப் பிடித்தபடி. பின்னால் பிள்ளையின் அம்மாவான குருபிரசாத்தின் அக்காவும் பவதாரிணியும், பவதாரிணி மடியில் பிள்ளை.

"எனக்கு ஊசி போடுவாகளா?" என்று கேட்டது பிள்ளை.

"ரசம் குடிச்சதுக்கெல்லாம் யாரும் ஊசி போட மாட்டாங்க" என்றாள் பவதாரிணி. "உனக்கு வயிறு வலிக்குதா?"

"இல்ல. பாவாடதான் குத்துது."

குருபிரசாத் கண்ணாடியில் பின்னால் ஒரு தடவை பார்த்துக்கொண்டான்.

ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் சின்ன வயசுப் பெண். விதையை வாங்கி உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தாள். பிள்ளையின் கண்ணையும் வயிற்றையும் நாடியையும் பார்த்தாள். "இருங்க, ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன்" என்று போனை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அந்தக் கதவு மூடியிருந்த நேரத்தில் ஜெயபாண்டி சுவரில் ஒட்டியிருந்த டெங்குக் கொசுப் படத்தை முழுக்க வாசித்தார். ஒரு எழுத்தும் ஏறவில்லை. இனிமேல் வாழ்நாளில் ஒரு விதையைக் கையால் தொடுவதில்லை என்று மீனாட்சியம்மனிடம் சொன்னார். சொல்லிவிட்டு, இன்னொரு தடவையும் சொன்னார்.

டாக்டர் வெளியே வந்தாள். "பெரிய ஆஸ்பத்திரில கேட்டுட்டேன். வாந்தி வரலாம், வயித்தால போகலாம். இம்புட்டுக் கொஞ்சம் அரச்சு அம்புட்டுப் பேரு சாப்பிட்டதுல அதுகூட வராமப் போகலாம். பிள்ளை நல்லா இருக்கா. தண்ணி நிறையக் குடுங்க. சாயங்காலம் வரைக்கும் தூரமா கூட்டிட்டுப் போகாதீங்க, கண்ணு முன்னால வெச்சிருங்க. யாருக்கு வாந்தி எடுத்தாலும் உடனே இங்க வாங்க."

பிள்ளையோடு வீட்டுக்கே திரும்பினார்கள். ஆகவே மாப்பிள்ளை வீட்டார் கிளம்ப முடியாமல் ஆகிவிட்டது. பூ வைப்பதைப் பற்றி யாரும் பேசவில்லை. தாம்பாளத்தில் மல்லிகைச் சரம் ஈரத் துணிக்கடியில் இருந்தது. நல்ல நேரம் வந்துகொண்டிருந்தது. வாசல் பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டுக்கொண்டு எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி உட்கார்ந்தார்கள். யாராவது எழுந்து கொல்லைப் பக்கம் போனால் மொத்தக் கூட்டமும் போகிறவர் முதுகையே பார்த்தது. திரும்பி வந்தால், "ஒண்ணுமில்லையே?" என்று நாலு குரல். "ஒண்ணுமில்ல, கை கழுவப் போனேன்." ஒரு பெரியவர் ஏப்பம் விட்டதற்கு மூன்று பேர் எழுந்து நின்றுவிட்டார்கள்.

மாட்டுக் கொட்டாய்க்குப் பக்கத்தில் வைத்து உக்கிரபாண்டி பிடித்துக்கொண்டார். சத்தத்தை அடக்கித்தான் பேசினார், அது இன்னும் மோசமாக இருந்தது.

"இருவத்தஞ்சு வருசமா வெத, செடி, பூன்னு தூக்கிட்டு வந்த. நான் எதும் சொன்னனா? இன்னிக்கு எம் மக தலையில கை வச்சிட்டியே மாப்ள. இனிமே ஒரு வெத இந்த வாசப்படி தாண்டுச்சு..."

முடிக்காமல் விறுவிறுவென்று கொட்டாய்க்குப் பின்னால் போய்விட்டார். அன்று மதியம் முழுக்க அவர் ஓர் இடத்தில் உட்காரவில்லை. போவதும் வருவதும், முகத்தில் தண்ணீர் அடித்துக்கொள்வதுமாக இருந்தார். மச்சான் கோபத்தில் நிலைகொள்ளாமல் அலைகிறார் என்று ஜெயபாண்டி நினைத்தார். அவர் சொன்னதெல்லாம் சரிதானே.

நேரம் போகப் போகப் பந்தலில் பேச்சு மெல்லத் தலையெடுத்தது. எம்புட்டு நேரம்தான் வயிற்றையே நினைத்துக்கொண்டிருப்பார்கள்? யாரோ ஒருவருக்கு யாரோ மேலூரில் சம்பந்தம் என்று தெரியவந்தது. மாப்பிள்ளையின் அப்பா நாற்காலியை ஜெயபாண்டி பக்கம் இழுத்துப் போட்டு, தன் தோட்டத்து போர் மோட்டார் வருடத்துக்கு இரண்டு தடவை எரிந்துபோகிறதே, என்ன காரணம் என்று கேட்டார். கண்ணை மூடிக்கொண்டு பதில் சொல்லக்கூடிய கேள்வி. ஜெயபாண்டிக்கு அந்த நேரம் மோட்டார் என்றால் என்னவென்றே ஞாபகம் வரவில்லை. "பாப்போம் சம்பந்தி, பாப்போம்" என்று மட்டும் சொன்னார். திண்டு வைத்துச் சாய்ந்திருந்த ஒச்சம்மாள் மடியில் மதுவந்தி தூங்கிக்கொண்டிருந்தது. அந்த அம்மாள் பேத்தியின் நெஞ்சில் வைத்த கையை எடுக்கவேயில்லை. பவதாரிணி ஒரு மூலையில் விசிறியோடு உட்கார்ந்து பிள்ளைக்கு வீசிக்கொண்டிருந்தாள். குருபிரசாத் இரண்டு தடவை தண்ணீர்ச் சொம்பு கொண்டுவந்து வைத்துவிட்டு, மூன்றாவது தடவை அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டான். இரண்டு பேரும் மெதுவாக ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள்.

வெயில் சாய ஆரம்பித்தபோது பிள்ளை புரண்டது. முகம் சுளித்தது. கழுத்தெல்லாம் வேர்வை. ஒரு சத்தமும் போடாமல் எழுந்து உட்கார்ந்தது. பந்தலில் இருந்த எல்லாரும் எழுந்து நின்றார்கள்.

பிள்ளை எல்லார் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தது.

"அம்மாச்சி, பசிக்குது. பஜ்ஜி இருக்கா?"

ராமக்காள்தான் முதலில் சத்தம் போட்டாள், "இருக்குடி என் தங்கம், இந்தா போடுறேன்" என்று அடுப்படிக்கு ஓடினாள். ஜெயக்கொடி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். ஜெயபாண்டி பந்தல் காலைப் பிடித்தபடி அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். மீனா பக்கத்தில் வந்து நின்று அவர் தலையில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிவிட்டாள்.

பிள்ளை நாலு வாழைக்காய் பஜ்ஜி தின்றது. அதை முழுக்கப் பார்த்து முடித்துவிட்டு ஒச்சம்மாள் எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டார்.

"பூவ எடுங்க. நேரம் இன்னும் கொஞ்சம் கெடக்கு."

"மதினி..." என்று ஜெயக்கொடி இழுத்தாள்.

"என்ன மதினி? நான் புள்ள குடுக்குற எடத்துல, பொண்ணு எடுக்குற எடத்துல எம்புட்டோ பாத்துட்டேன். இந்த வீட்டுல ஒண்ணுன்னா உள்ள வச்சுப் பூட்டாம நம்மகிட்ட சொல்லிருவாக. எனக்கு அது தெரிஞ்சு போச்சு." அப்புறம் ஜெயபாண்டி பக்கம் திரும்பினார். "ஆனா ஒண்ணு. கல்யாணத்துக்கு நீங்க சமையக்கட்டுப் பக்கம் வரக் கூடாது."

அன்றைக்கு அந்த அம்மாள் சிரித்தது அப்போதுதான். பவதாரிணி மணையில் உட்கார்ந்தாள். வாடத் தொடங்கியிருந்த மல்லிகையை ஒச்சம்மாள் உதறி, ஈரம் தெளித்து, அவள் சடையில் வைத்தார். தை மாதம் கல்யாணம் என்று முடிவானது.

வேனும் காரும் போனபோது பொழுது மசங்கிவிட்டது. ஜெயக்கொடிக்குத் துணையாக மீனா தங்கிக்கொண்டாள். ஜெயபாண்டிக்கு மறுநாள் காலையில் ஒரு போர் மோட்டார் தூக்க வேண்டியிருந்தது. பஸ் நிறுத்தம் வரை நடந்து போகலாம் என்று கிளம்பினார்.

"ஏறு மாப்ள" என்று பைக்கோடு வந்து நின்றார் உக்கிரபாண்டி.

வண்டி தோப்பைத் தாண்டி ரோட்டுக்கு வந்தது. இன்னும் என்ன திட்டு பாக்கி இருக்கிறதோ என்று ஜெயபாண்டி காத்திருந்தார். ஒரு புளியமரத்தடியில் உக்கிரபாண்டி வண்டியை ஓரம் கட்டி நிறுத்தினார். ஆனால் இறங்கவில்லை, திரும்பவும் இல்லை.

"மாப்ள, ஒன்னு சொல்லணும்."

"சொல்லுங்க மச்சான்."

"காலைல நான் அடுப்படிக்குப் போயி ரசத்த ருசி பாத்தேன். காரம் பத்தல, இன்னும் மிளகு போடுன்னு ராமக்காகிட்ட நான்தான் சொன்னேன்."

ஜெயபாண்டி பின்னால் இருந்தபடியே அவர் முகத்தை எட்டிப் பார்த்தார்.

"அவ அதுக்கப்பறந்தான் ஓம் பொட்டணத்தப் பிரிச்சிருக்கா. கேட்டா என்னையச் சொல்லிருவாளோன்னு இருந்தேன். மகராசி, கடைசி வரைக்கும் எம் பேரச் சொல்லல. இதோட முடியல. அரச்சு ஊத்துனதுக்கு அப்பறம் இன்னொரு தடவ கூப்ட்டுக் குடுத்தா. ரெண்டு தம்ளர் குடிச்சேன் மாப்ள. குடிச்சிட்டு, 'இப்பத்தான்டி மிளகு எறங்கிருக்கு'ன்னு சொன்னேன்."

ஜெயபாண்டிக்குச் சிரிப்பு முட்டியது. அடக்கப் பார்த்தார்.

"அப்ப... மத்தியானம் கொட்டாய்க்குப் பின்னால..."

"வெரல விட்டுக் கக்கினேன்டா! மூணு வாட்டி! பந்தில இருந்தவகளுக்கு ஆளுக்கு ரெண்டு கரண்டி. எனக்கு ரெண்டு தம்ளர்! அம்புட்டுப் பேரும் அந்தப் புள்ள மூஞ்சியப் பாத்துட்டு இருந்தீங்க. நான் எங்க போயிச் சொல்ல?"

ஜெயபாண்டி வெடித்துவிட்டார். சிரிப்பில் பைக்கே ஆடியது. "சிரிக்காத மாப்ள, வண்டி சாஞ்சுரும்" என்று சொன்ன உக்கிரபாண்டிக்கும் குரல் உடைந்து சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு பேரும் இறங்கி, வண்டியை ஸ்டாண்ட் போட்டுவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒருவர் நிறுத்தினால் இன்னொருவர், "மிளகு எறங்கிருக்கு" என்பார், மறுபடி தொடங்கிவிடும். மதுரை பஸ் ஒன்று வெளிச்சம் அடித்துக்கொண்டு அவர்களைத் தாண்டிப் போனது. யாரும் கை காட்டவில்லை. மச்சானின் கண்ணில் தண்ணீர் வழிவதை ஜெயபாண்டி அன்றைக்குத்தான் பார்த்தார். அத்தனை வருடத்தில் அந்த மனுசனோடு சேர்ந்து சிரித்ததும் அன்றைக்குத்தான்.

அடுத்த பஸ் வரும் வரை நிறுத்தத்தில் உட்கார்ந்து இரண்டு பேரும் டீ குடித்தார்கள். ஆஸ்பத்திரியில் அம்மனிடம் சொன்னதை ஜெயபாண்டி சொன்னார், இனி விதையைத் தொடுவதில்லை என்று.

உக்கிரபாண்டி கப்பை ஆட்டி அடியில் இருந்ததைக் குடித்து முடித்தார்.

"அதெல்லாம் அம்மன் ஒண்ணும் நெனச்சுக்காது" என்றார். "மகளும் கேட்டுருக்கா, மதிலும் மொட்டையாத்தான் கெடக்கு. வெதையா மட்டும் கொண்டாராத. மொளைக்க வச்சு நாத்தாக் கொண்டா."

மாட்டுத்தாவணி பஸ் வந்தது. ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மேலூர் தாண்டுவதற்குள் ஜெயபாண்டி நன்றாகத் தூங்கிவிட்டார்.